ஆழமும் நிமிடமும்: ஃபேவர் லூபா பாத்தி 50

கடலுக்கடியில் சுவாசக் கருவியோடு இறங்குகிறவருக்கு இரண்டு கணக்குகள் தெரிந்தாக வேண்டும்: எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறோம், இறங்கி எத்தனை நிமிடம் ஆகிறது. ஒன்று தெரிந்து மற்றது தெரியாவிட்டால் தெரிந்ததாலும் பெரிய பயன் இல்லை. காற்றில் உள்ள நைட்ரஜன்தான் இதற்குக் காரணம். அழுத்தம் கூடக் கூட அது இரத்தத்திலும் திசுக்களிலும் அதிகமாகக் கரைகிறது. அளவுக்கு மேல் சேர்ந்த பிறகு சட்டென்று மேலே வந்தால் குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கும். உயிர் போனவர்கள் உண்டு, வாழ்நாள் முழுக்க நடக்க முடியாமல் போனவர்களும் உண்டு. 1960களில் முக்குளிப்பவர்கள் பரவலாக நம்பியிருந்த அமெரிக்கக் கடற்படை அட்டவணையின்படி, 18 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் இருந்துவிட்டு இடையில் எங்கும் நிற்காமல் மேலே வரலாம். 30 மீட்டரில் அந்த அவகாசம் 25 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. 40 மீட்டரில் வெறும் 10 நிமிடம்.

இந்த மூன்று வரிகளை மனத்தில் வைத்துக்கொண்டு அக்காலத்தின் புகழ்பெற்ற சுவிஸ் டைவிங் வாட்சுகளைப் பார்த்தால் ஒரு குறை கண்ணில் படும். அவை எல்லாமே நிமிடத்தை மட்டும்தான் சொல்கின்றன. டயலில் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் 100 மீட்டர், 200 மீட்டர், 300 மீட்டர் என்பதெல்லாம் கடிகாரத்தின் கூடு எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கான சான்று. அதை அணிந்திருப்பவர் எந்த ஆழத்தில் இருக்கிறார் என்று அந்த எண் சொல்லாது. இந்த இடைவெளியை மணிக்கட்டிலேயே நிரப்ப முயன்றது ஃபேவர் லூபா என்ற பழைய சுவிஸ் நிறுவனம். அதன் விளைவாகப் பிறந்தது பாத்தி 50. இன்று பெரிய ஏலக்கூடங்களில் பேசப்படும் பெயர்களுக்கு நடுவில் அது ஓரத்தில் நிற்கிறது. டைவிங் வாட்ச் எந்தத் தேவைக்காகப் பிறந்ததோ, அந்தத் தேவைக்கு மிக அருகில் வந்த எந்திரக் கடிகாரங்களில் அதற்கு முதல் வரிசையில் இடம் தர வேண்டும் என்பது என் கருத்து.

தண்ணீர் புகாத கடிகாரம் என்ற சிக்கல் இதைவிடப் பழையது. 1926இல் ரோலெக்ஸ், திருகி மூடும் கூட்டோடு ஆய்ஸ்டரைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு மெர்சிடீஸ் கிளைட்ஸ் என்ற நீச்சல் வீராங்கனை ஆங்கிலக் கால்வாயில் இறங்கியபோது அதைக் கழுத்தில் அணிந்துகொண்டார். 1932இல் ஒமேகா, ஒரு கூட்டுக்குள் இன்னொரு கூட்டைச் செருகி மரீன் என்ற கடிகாரத்தைச் செய்தது. ஆனால் அப்போது கடலடியில் நீண்ட நேரம் தங்கக்கூடியவர்கள் கனத்த செப்புத் தலைக்கவசம் அணிந்த தொழில்முறை ஆட்கள் மட்டுமே. அவர்களுடைய நேரத்தை மேலே படகில் இருப்பவர் பார்த்துக்கொண்டார். 1943இல் ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் ஆக்வாலங் கருவியை உருவாக்கிய பிறகுதான் நிலைமை மாறியது. முதுகில் காற்று உருளையோடு, கயிறும் குழாயும் இல்லாமல் மனிதன் தனியாக இறங்கலானான். அப்போது நேரத்தைப் பார்க்கும் பொறுப்பும் அவன் மணிக்கட்டுக்கே வந்து சேர்ந்தது.

டைவிங் வாட்சின் வடிவம் நிலைபெற்றது 1953இல். பிளாங்பேன் நிறுவனத்தை நடத்திவந்த ழான்-ழாக் ஃபியெக்டர் தானே முக்குளிப்பவர். கடலடியில் நேரம் போனது தெரியாமல் ஆபத்தில் சிக்கிய அனுபவம் அவருக்கு இருந்தது. பிரெஞ்சுக் கடற்படையின் தாக்குதல் நீச்சல் பிரிவை அமைத்த ராபர்ட் மலூபியேயும் குளோட் ரிஃபோவும் தங்கள் வீரர்களுக்கேற்ற கடிகாரம் தேடிக்கொண்டிருந்தார்கள். இரு தரப்பும் சந்தித்ததில் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் உருவானது. பெயரிலேயே 50 பாகம், அதாவது ஏறத்தாழ 91 மீட்டர். கறுப்பு டயல், இருட்டில் ஒளிரும் பெரிய குறிகள், டயலைச் சுற்றித் திருப்பக்கூடிய வளையம். இறங்கும்போது வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், பிறகு எப்போது பார்த்தாலும் கழிந்த நிமிடங்கள் கண் முன்னே நிற்கும். ரோலெக்ஸ் சப்மரீனரும் ஸோடியாக் ஸீ உல்ஃபும் அதே காலத்தவை. 1957இல் ஒமேகா ஸீமாஸ்டர் 300 வந்தது. அதன்பின் வந்தவை பெரும்பாலும் இதே அச்சில் வார்க்கப்பட்டவைதான்.

சுழல்வளையம் ஓர் அருமையான கண்டுபிடிப்பு. பேட்டரி கிடையாது, கணக்குப் போட வேண்டியதில்லை, குளிரில் விறைத்த விரலாலும் திருப்பலாம். ஆனாலும் அது பாதி விடைதான்.

ஃபேவர் லூபாவின் வேர் நூஷாதெல் பகுதியில், லெ லோக்ல் என்ற மலையூரில் இருக்கிறது. அங்கே ஆபிரகாம் ஃபேவர் என்பவர் கடிகாரத் தொழிலாளியாக 1737இல் ஆவணத்தில் பதிவாகியிருக்கிறார். நிறுவனம் தன் வயதை அந்த ஆண்டிலிருந்தே எண்ணுகிறது. இன்றும் வழங்கும் சுவிஸ் கடிகாரப் பெயர்களில் 1735ஐத் தன் தொடக்கமாகக் கொள்ளும் பிளாங்பேனுக்கு அடுத்தது என்று அதைச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். இத்தகைய தொடக்க ஆண்டுகளை நான் சற்றுத் தள்ளி வைத்தே பார்க்கிறேன். ஒரு கைவினைஞரின் பெயர் ஊர் ஆவணத்தில் இருப்பதும், ஒரு நிறுவனம் இடையறாமல் நடப்பதும் வேறு வேறு செய்திகள். உறுதியான திருப்பம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருகிறது. கடிகாரம் செய்யத் தெரிந்த ஃபேவர் குடும்பமும், விற்கத் தெரிந்த ஓகுஸ்த் லூபா என்ற வணிகரும் கைகோத்தார்கள். பின்னர் இரு குடும்பங்களுக்கிடையே திருமண உறவும் ஏற்பட்டது.

அந்தத் திருமணத்தின் மணமகன் ஃபிரிட்ஸ் ஃபேவர்தான் நிறுவனத்தைக் கடல் கடந்து கொண்டுபோனவர். 1865இல் பம்பாயில் கால் வைத்தது ஃபேவர் லூபா. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. அவ்வளவு முன்னதாக வந்து, அவ்வளவு நீண்ட காலம் இங்கேயே நிலைத்த சுவிஸ் கடிகாரப் பெயர் வேறொன்றைச் சொல்வது கடினம். தன் கடிகாரங்களோடு பிற சுவிஸ் நிறுவனங்களின் கடிகாரங்களையும் அது இங்கே விற்றது. நம் ஊர்களில் தாத்தாக்களின் பெட்டிகளில் இன்றும் அகப்படும் ஸீ சீஃப், ஸீ கிங் கடிகாரங்கள் அந்த வணிகத்தின் மிச்சம். கல்யாணச் சீராக வந்தவை, ஓய்வுபெற்ற நாளில் பரிசாகக் கிடைத்தவை, முதல் சம்பளத்தில் வாங்கியவை என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டுக் கதை இருக்கும்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ஸீ சீஃபின் பெயரில் கடல் இருக்கிறதே தவிர, அது டைவிங் வாட்ச் இல்லை. சாவி கொடுக்கும் எளிய அன்றாடக் கடிகாரம். மழைத்துளியைத் தாங்கும், அவ்வளவுதான். அந்தப் பெயரை நம்பி அதோடு நீந்தப் போகக் கூடாது. அந்த நிறுவனம் கடலுக்காகவே செய்த கடிகாரங்கள் இந்தியக் கடைகளில் அதிகம் புழங்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு கடிகார இறக்குமதி இறுகியது. 1961இல் சிட்டிஸனின் தொழில்நுட்பத்தோடு எச்.எம்.டி. பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஆகவே ஃபேவர் லூபாவின் பெயரை நன்றாக அறிந்த இந்த நாடு, அதன் ஆகத் துணிச்சலான படைப்பை அறியாமலேயே இருந்துவிட்டது.

அந்தத் துணிச்சலின் முதல் வடிவம் கடலுக்கானது கூட அல்ல. 1962இல் வந்த பிவாக், மலையேறுபவர்களுக்கான கடிகாரம். காற்றழுத்தத்தை உணரும் சிறு உலோகப் பேழையைக் கைக்கடிகாரத்துக்குள் பொருத்தி, உயரத்தையும் வானிலை மாற்றத்தையும் ஒரு முள்ளால் காட்டியது. எந்திரக் கைக்கடிகாரத்தில் இது முதல் முறை. துருவ ஆய்வாளர் போல்-எமில் விக்டரும், கிராந்த் ழொராஸ் மலையின் வடக்குச் சுவரில் ஏறிய வால்தர் போனாட்டி, மிஷேல் வோஷே இணையும் இதைப் பயன்படுத்தினார்கள் என்று நிறுவனம் பெருமையோடு சொல்லிவந்தது. 1975இல் எவரெஸ்ட்டின் உச்சியைத் தொட்ட முதல் பெண்ணான ஜப்பானின் ஜுன்கோ தபெயின் பெயரையும் அதே வரிசையில் சேர்த்துக்கொள்கிறது.

1964இல் டீப் புளூ வந்தது. 200 மீட்டர் தாங்கும், நன்றாகச் செய்யப்பட்ட, வழக்கமான டைவிங் வாட்ச். சப்மரீனர் வழியில் வந்த ஒழுங்கான பிள்ளை என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மலையில் கற்றதைக் கடலுக்குக் கொண்டுபோவது என்ற எண்ணம் அதற்குப் பிறகே கனிந்தது. நிறுவனத்தின் வரலாற்றில் 1968 என்று குறிக்கப்படும் பாத்தி, மீட்டர் அளவில் பாத்தி 50 என்றும், அடி அளவில் பாத்தி 160 என்றும் இரு வடிவங்களில் வந்தது. நேரமும் அந்தக் கணத்தின் ஆழமும் ஒரே டயலில் தெரிந்தன.

பிவாக்கிலிருந்து பாத்திக்குப் போவது எளிய தாவல்போலத் தோன்றும். இரண்டும் அழுத்தத்தை அளப்பவைதானே? எண்களைப் பார்த்தால் தூரம் புரியும். கடல்மட்டத்திலிருந்து 3000 மீட்டர் மலை ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறைகிறது. கடலில் 50 மீட்டர் இறங்கினாலோ அழுத்தம் ஆறு மடங்காகிறது. முதலாவதில் கருவிக்கு நுண்ணுணர்வு போதும். இரண்டாவதில் நுண்ணுணர்வோடு உடல் வலிமையும் வேண்டும். அதுமட்டுமா, டைவிங் வாட்ச் செய்பவர்கள் அதுவரை எதை அடைக்கப் பாடுபட்டார்களோ, அந்தத் தண்ணீரையே வேண்டுமென்று உள்ளே அழைக்க வேண்டும். பாத்தியின் பின்மூடியில் துளைகள் இருந்தன. அவற்றின் வழியே புகும் நீர் ஒரு மெல்லிய உலோகத் தகட்டை அழுத்தும். தகடு ஆழத்துக்கேற்பச் சிறிதே வளையும். கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு பெருக்கப்பட்டு, டயலின் மேல் ஒரு முள்ளின் சுழற்சியாக மாறும். தகட்டுக்கு இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் எண்ணெயிட்ட சக்கரங்களும் ஸ்பிரிங்கும்.

தகட்டை மெலிதாக்கினால் ஒரு மீட்டர் வேறுபாடும் முள்ளில் தெளிவாகத் தெரியும். ஆனால் அதிக ஆழத்தில் தகடு நிரந்தரமாக வளைந்து கணக்குக் கெட்டுவிடும். தடிமனாக்கினால் ஆழத்தைத் தாங்கும். மேல்மட்டத்தில் முள் அசையாது. இந்த இரண்டுக்கும் நடுவே எடுத்த முடிவுதான் 50 மீட்டர் என்ற எல்லை. பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு இன்று பயிற்சி அமைப்புகள் வகுத்திருக்கும் கடைசி எல்லையே 40 மீட்டர்தான் என்பதை நினைத்தால், இது கடலில் இறங்கும் மனிதனை அளந்து எடுத்த முடிவு என்று தெரியும். ஆனால் கடையில் 200 மீட்டர் என்று எழுதிய டீப் புளூவுக்குப் பக்கத்தில் 50 என்று எழுதிய பாத்தி வலுவற்றதாகத் தோன்றியிருக்கும். கூட்டின் தாங்குதிறனைப் பெருமையாக்கி விற்ற தொழில், அதிலிருந்து விலகிய தன் நல்ல படைப்பைத் தானே சிறுமைப்படுத்திக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

ஆழத்தை மணிக்கட்டில் காட்ட வேறு வழிகளும் அப்போது இருந்தன. மிக எளியது, ஒரு முனை மூடிய நுண்குழாய். இறங்க இறங்க நீர் உள்ளே ஏறி, அகப்பட்ட காற்றைச் சுருக்கும். 10 மீட்டரில் காற்று பாதியாகிவிடும், 30 மீட்டரில் கால்பங்கு. பாயில் விதியின் நேரடி விளக்கம். உடைய எதுவும் இல்லை, விலையும் குறைவு. ஆனால் ஆழம் கூடக் கூடக் கோடுகள் நெருங்கிப் போகும். 5 மீட்டருக்கும் 6 மீட்டருக்கும் உள்ள வேறுபாட்டைப் பளிச்சென்று காட்டும் கருவி, 35க்கும் 40க்கும் இடையே, அதாவது உயிர் தொங்கும் இடத்தில், கண்ணுக்குப் பிடிபடாமல் போகும்.

இன்னொரு விடையை 1967இல் டோக்ஸா தந்தது. அதன் சப் 300 இன்று ஆரஞ்சு நிற டயலுக்காகப் பேசப்படுகிறது. அதைவிட முக்கியமானது அதன் வளையம். கடற்படை அட்டவணையின் ஆழங்களையே அதில் பொறித்திருந்தார்கள். 100 அடி என்ற குறி 25 நிமிடத்துக்கு நேராக இருக்கும். தன் ஆழம் தெரிந்தவருக்கு, நிமிட முள் அந்தக் குறியைத் தொடும்போது மேலே வர வேண்டும் என்று புரிந்துவிடும். டோக்ஸாவிடம் அட்டவணை இருந்தது, ஆழமானி இல்லை. ஃபேவர் லூபாவிடம் ஆழமானி இருந்தது, அட்டவணை இல்லை. ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு சுவிஸ் நிறுவனங்கள் ஒரே கேள்வியின் இரு பாதிகளைத் தனித்தனியே விடுவித்திருந்தன. இரண்டையும் ஒரே கூட்டில் சேர்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தனி ஆழமானிகள் அப்போதே கடைகளில் கிடைத்தன. ஒரு மணிக்கட்டில் கடிகாரம், மறு மணிக்கட்டில் ஆழமானி என்று கட்டிக்கொள்வது பலருக்கு வழக்கம். ஆழமானியின் முகம் பெரிது, மங்கலான நீரிலும் படிக்க எளிது, கெட்டால் மாற்றுவதும் சுலபம். இரண்டும் ஒன்றில் இருந்து அந்த ஒன்றே பழுதானால் இரண்டையும் சேர்த்து இழக்க நேரிடும். தொழில்முறை ஆட்கள் பாத்தியின் பக்கம் திரண்டு வராததற்கு இந்த எச்சரிக்கை போதுமான காரணம். அளவீட்டிலும் சிறு நெளிவுகள் உண்டு. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு கனமானது; மலை ஏரியின் மேல் காற்றழுத்தமும் குறைவு. கடலுக்காகக் குறியிட்ட முள் அங்கே கொஞ்சம் பொய் சொல்லும். இந்தக் குறைகள் எவையும் பாத்தியைத் தேவையற்றதாக்கிவிடவில்லை. முக்குளிப்பவரின் கண் ஒரே இடத்துக்குப் போனால் போதும் என்பது, குளிரும் பதற்றமும் நைட்ரஜன் மயக்கமும் சேர்ந்து மூளையை மந்தமாக்கும் ஆழத்தில் சிறிய நன்மை அல்ல.

தொழில் வேறு திசையில் போனது. 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் திரியெஸ்த் கலத்தில் மரியானா அகழியின் அடியைத் தொட்டபோதே, கலத்தின் வெளியே ரோலெக்ஸ் ஒரு சோதனைக் கடிகாரத்தைக் கட்டி அனுப்பியிருந்தது. ஆழ எண்ணின் மீதான மோகம் அதன்பின் தணியவே இல்லை. எண்ணெய்க் கிணறுகளுக்காகக் கடலடி அறைகளில் நாட்கணக்கில் தங்கியவர்களுக்கென ஹீலியம் வெளியேறும் அடைப்பிதழ் வந்தது. 600 மீட்டரைத் தாண்டிய கூடுகள் வந்தன. அவை சிறந்த பொறியியல், மறுக்கவில்லை. ஆனால் உலகில் அவை தேவைப்பட்டவர்கள் சில நூறு பேர்தான் இருந்திருப்பார்கள்.

1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் ஸெய்கோ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் இருந்தவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 90,000இலிருந்து 30,000 சொச்சமாகச் சரிந்தது. தலைமுறை தலைமுறையாகக் குடும்பச் சொத்தாக இருந்த ஃபேவர் லூபா 1980களின் நடுவில் கைமாறியது. பாத்திக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் முடிவு வந்தது. 1983இல் ஆர்க்கா எட்ஜ் என்ற மின்னணுக் கருவி, அதாவது டைவ் கம்ப்யூட்டர், சந்தைக்கு வந்தது. ஆழத்தையும் நேரத்தையும் தானே அளந்து, மிச்சமிருக்கும் நிமிடங்களைத் தானே கணக்கிட்டுச் சொன்னது. டோக்ஸாவின் பாதியும் ஃபேவர் லூபாவின் பாதியும் ஒருவழியாக ஒன்றாயின, ஆனால் சக்கரமும் ஸ்பிரிங்கும் இல்லாத ஒரு பெட்டிக்குள். அதன்பின் எந்தக் கைக்கடிகாரமும் முக்குளிப்பவருக்கு முதன்மைக் கருவியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

எந்திர ஆழமானி அதன் பிறகும் அவ்வப்போது தலைகாட்டியது. 1999இல் ஐ.டபிள்யூ.சி. டீப் ஒன், வளைகுழாய் முறையில் ஆழத்தைக் காட்டியது. 2013இல் ஓரிஸ், பழைய நுண்குழாய் எண்ணத்தைக் கண்ணாடிக்குள்ளேயே செதுக்கிக் கொண்டுவந்தது. அழகான படைப்புகள். ஆனால் அவை வெளிவந்தபோது வாங்கியவரின் மறு கையில் டைவ் கம்ப்யூட்டர் இருந்திருக்கும். பாத்தி வந்தபோது அப்படி ஒரு துணை கிடையாது. அந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் இவற்றை ஒரே தட்டில் வைத்து மதிப்பிடுவது சரியாகாது.

ஃபேவர் லூபா என்ற பெயர் பல கைகள் மாறி 2011இல் டைட்டனிடம் வந்து சேர்ந்தது. விலை 20 லட்சம் யூரோ. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984இல் தொடங்கி, ஓசூரில் ஆலை அமைத்த நிறுவனம் டைட்டன். எந்திரக் கடிகாரங்களை வீழ்த்திய அதே குவார்ட்ஸை நம்பி எழுந்த நிறுவனம், சுவிட்சர்லாந்தின் பழம்பெரும் எந்திரக் கடிகாரப் பெயரை வாங்கியது கவனிக்கத்தக்க திருப்பம். டைட்டனின் காலத்தில் ஃபேவர் லூபா தன் பழைய கேள்விக்கே திரும்பியது. ரெய்டர் பிவாக் 9000 எவரெஸ்ட்டைத் தாண்டிய உயரத்தையும், ரெய்டர் பாத்தி 120 மெமோடெப்த் 120 மீட்டர் ஆழத்தையும் காட்டின. பின்னது எட்டிய உச்ச ஆழத்தையும் நினைவில் வைத்திருக்கும். 1968இல் விட்டுப்போன குறைகளில் ஒன்று அப்படித் தீர்ந்தது. வணிகத்தில் அந்த முயற்சி நிலைக்கவில்லை. பிறகு அந்தப் பெயர் இந்தியாவின் எதோஸ் கடிகார விற்பனை நிறுவனத்தின் வட்டத்துக்குப் போய், 2024இல் ஜெனீவாவில் சீஃப், டீப் புளூ போன்ற பழைய பெயர்களோடு மறுபடியும் மேடையேறியது.

பழைய பாத்தியைத் தேடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இந்தியச் சந்தையில் ஃபேவர் லூபா என்றதும் கையில் திணிக்கப்படுபவை பெரும்பாலும் டயலுக்குப் புதுச் சாயம் பூசிய ஸீ சீஃப்கள். மின்னும் பச்சை, ரோஜா நிறம், தடித்த எழுத்து இவற்றைக் கண்டால் அது தொழிற்சாலையில் பூசிய நிறம் இல்லை என்று கொள்ளலாம். உள்ளே ஓடும் எந்திரம் உண்மையானதாக இருக்கக்கூடும். அணிந்து மகிழலாம், சேகரிப்பு விலை கொடுக்கக் கூடாது. பாத்தி இங்கே கிடைப்பது அரிது. கிடைத்தால் முதலில் பின்மூடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். துளைகளில் உப்பும் துருவும் அடைத்திருந்தால் உள்ளிருக்கும் தகடு அரித்திருக்கலாம். தரையில் இருக்கும்போதே ஆழ முள் பூச்சியத்தில் நிற்காவிட்டால், தகடு ஏற்கெனவே தாங்கும் அளவைக் கடந்து வளைக்கப்பட்டிருக்கலாம். ஆயில் சர்வீஸ் செய்யத் தெரிந்த எந்த நல்ல கைக்கும் கடிகாரப் பகுதி அடங்கும். அழுத்தத் தகட்டுக்கு உதிரிப் பாகமும் அனுபவமும் வேண்டும், அவற்றைக் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். முள் இன்னும் அசைகிறதா என்று அறிய அதைக் கடலுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். இத்தனை ஆண்டு களைத்த உலோகத்தின் மறுபக்கம் முழு எந்திரமும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர் கையில், சோதனைக் கலத்தில், அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்பதே முறை.